ஏழாம் படுக்கையின் கோடுகள்

லிஃப்ட் கதவில் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. துப்பறியும் சென்னகிருஷ்ணன் அதை ஒரு முறை படித்தார், பெருமூச்சு விட்டார், படியேறத் தொடங்கினார். உள்ளதைச் சொன்னால் அவரும் நோயாளிதான். போன தீபாவளிக்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். அன்றிலிருந்து சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரைப் பட்டை குடியிருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் ஊரிலுள்ள படிகள் எல்லாம் திடீரென்று உயரமாகிவிட்டன. ஆனாலும் அறிவிப்புப் பலகையை மதிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இருபத்தைந்து வருஷம் போலீஸில் இருந்த மனிதருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அவராலேயே துப்புத் துலக்க முடியாத மர்மம்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றபோது, உதவியாளர் புவனா நாலு படி மேலே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சார், பேசாம இங்கயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்குங்க. உள்நோயாளியாவே இருந்து கேஸைக் கண்டுபிடிச்சரலாமுங்க. வேளா வேளைக்குச் சாப்பாடும் வந்துரும்."

"உப்பில்லாத சாப்பாடு, அம்மணி."

"நம்ம ஆபீஸ் கீழ விக்கிற போண்டாவை விட அது உடம்புக்கு நல்லதுங்க."

கணபதி பகுதியில் அவருடைய துப்பறியும் நிலையம் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருக்கிறது. கீழே இரும்பு கடைகிற சத்தத்தில், வருகிறவர்கள் தங்கள் ரகசியத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். இன்று காலை அங்கே வந்து கத்தியவன் அதே பட்டறையில் வேலை பார்க்கும் ஜெரோம். அவனுடைய தங்கை மெர்சி, துடியலூரில் உள்ள இந்தத் தனியார் மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நேற்று புதன்கிழமை காலை, ஏழாம் படுக்கையில் இருந்த சுப்பண்ணன் என்ற கிணத்துக்கடவுத் தோட்டத்து விவசாயியின் இதயம் நிற்கப் பார்த்தது. ரத்தத்தில் பொட்டாசியம் இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் மெர்சி அவருக்கு ஊசி போட்டிருந்தாள். மருந்துத் தட்டை எண்ணிப் பார்த்தால் பொட்டாசியம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி, ஆம்பூல், ஒன்று குறைகிறது. நீர் பிரிய வேண்டிய மருந்துக்குப் பதிலாக அதை எடுத்து ஏற்றிவிட்டாள் என்று சுப்பண்ணனின் மகன் மோகன்குமார் போலீஸில் மனுக் கொடுத்துவிட்டான்.

இன்று மாலை ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் மெர்சியைக் கூட்டிக்கொண்டுதான் போவார். வேலையும் போகும், நர்ஸ் பதிவும் போகும். இப்போது மணி இரண்டே கால்.

மெர்சியை வார்டுக்குள் விடவில்லை. நர்ஸுகள் உடை மாற்றும் அறையில், துவைத்த சீருடைகள் தொங்கும் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம் அல்ல. அழவும் தெம்பில்லாத முகம்.

"ஒரே கேள்விதான் அம்மணி," என்றார் சென்னகிருஷ்ணன், கிடைத்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து. "மருந்தை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"நேத்துல இருந்து அந்த ஆம்பூலை மனசுக்குள்ள நூறு தடவை ஒடைச்சுப் பாத்துட்டேனுங்க சார். நூறு தடவையும் நீர் பிரியற லாசிக்ஸ்தான் வருது. ஆனா எல்லாரும் இத்தனை உறுதியாச் சொல்றப்ப, எனக்கே சந்தேகம் வந்துருதுங்க."

"எத்தனை மில்லி சிரிஞ்ச்?"

"ரெண்டு மில்லிங்க."

"பொட்டாசியம் ஆம்பூல்?"

"பத்து மில்லி."

புவனா கை தட்டாத குறை. "அப்புறமென்னங்க! ஒழக்குக்குள்ள மரக்கா எப்படிப் போகும்? கேஸ் முடிஞ்சுது, கிளம்பலாம் சார்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க," என்றாள் மெர்சி. "பத்து மில்லியும் போகோணும்னு இல்லை. ரெண்டு மில்லி நேரா ரத்தக் குழாய்ல போனாலே கெடுதல்தான்."

"சிஸ்டர், நீங்க யாரு பக்கமுங்க?"

சென்னகிருஷ்ணனுக்கு மெர்சியின் மேல் அப்போதே ஒரு பிரியமும் ஒரு பயமும் சேர்ந்து வந்தன. தன் தலைக்கு வருவதைக்கூடத் தராசில் நிறுத்துப் பார்க்கிறவர்களைக் காப்பாற்றுவது கஷ்டம். அது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

"நேத்து என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"மானிட்டர்ல கோடு அகலமாயிட்டே வந்துச்சுங்க. துடிப்பு முப்பத்தெட்டு. ஓடிப்போய் நெஞ்சுல கை வெச்சு அமுக்கிக்கிட்டேதான் மத்தவங்களைக் கூப்பிட்டேன். ஆறுச்சாமி டாக்டர் வந்ததும், பொட்டாசியம் மாதிரித் தெரியுதுன்னு நாந்தான் சொன்னேன். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாலயே அவரு கால்சியம் போட்டாருங்க. அதுலதான் உசுரு நின்னுச்சு."

"பொட்டாசியம்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். "ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பெரிய முள்ளு வருமுங்க. அதுக்குப் பின்னால ஒரு சின்ன மேடு. ரத்தத்துல பொட்டாசியம் ஏற ஏற அந்த மேடு ஒசந்து கூராகும். அப்புறம் எல்லாமே அகலமாகி, நின்னுபோயிரும்."

"ஊசியில ஏறினா?"

"சட்டுனு ஏறுமுங்க."

"வேற வழியில, மெதுவா ஏறினா?"

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். அன்று முதல் முறையாக அவள் கண்ணில் நர்ஸ் தெரிந்தாள். "நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமா ஒசந்துட்டு வரும். சார், ஷிஃப்டுக்கு ஒரு தடவை கோட்டை ஒரு துண்டு வெட்டி ஃபைல்ல ஒட்டறது எங்க வார்டு வழக்கமுங்க. நான் வெள்ளிக்கிழமையில இருந்து அஞ்சு நாள் லீவு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நேத்துக் காலைலதான் திரும்பி ட்யூட்டிக்கு வந்தேன்."

சென்னகிருஷ்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "புவனா, அந்தத் தட்டுல குறையற ஆம்பூலை நீ தேடு. நான் ஃபைலைத் தேடறேன்."

ஆறுச்சாமி டாக்டரின் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, காற்றுதான் வரவில்லை. இரு பக்கமும் ஆடும் அரைக்கதவு ஒவ்வொருவர் போகும்போதும் வரும்போதும் கிறீச்சிட்டது. மேஜையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் டைப் அடித்த தாள் ஒன்று கிடந்தது. மெர்சியைத் தற்காலிக நீக்கம் செய்யும் உத்தரவு. கையெழுத்து மட்டும் பாக்கி.

"முப்பது மணி நேரமா ஊட்டுக்குப் போகலீங்க," என்றார் டாக்டர். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. "பத்து நிமிஷம் பாருங்க. ஃபைல் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது."

"சுப்பண்ணன் எப்படி இருக்கறாரு?"

"டயாலிசிஸ் பண்ணியாச்சு. பேஸ்மேக்கர் வெச்சிருக்கோம். நெனவு திரும்பலை."

சென்னகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமையில் தொடங்கி ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். பாதியில் புவனா வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், வியாழக்கிழமை இந்த மேடு கொழுக்கட்டைங்க. ஞாயித்துக்கிழமை கூம்பு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேரூர்க் கோயில் கோபுரம், கலசம் மட்டுந்தான் வெக்கலை. இத்தனை நாளாக் கட்டியிருக்கறாங்க, ஒருத்தரும் அண்ணாந்து பாக்கலீங்களா?"

ஆறுச்சாமி துண்டுகளை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "ஒட்டியிருக்கோம்," என்றார் கடைசியில்.

"ஒட்டறதுக்குப் பசை போதுமுங்க. பாக்கறதுக்குத்தான் கண்ணு வேணும்," என்றாள் புவனா.

"புவனா."

"சரிங்க சார், வாயை மூடிக்கறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. காணாமப் போன ஆம்பூல் கெடைச்சிருச்சு. துண்டு துண்டா. வார்டு கூட்டற சின்னத்தாயி செவ்வாய்க்கிழமை தட்டைத் தொடைக்கறப்பக் கீழ போட்டு ஒடைச்சிருக்கறாங்க. திட்டு விழும்னு கூட்டி அள்ளிக் குப்பைல போட்டுட்டாங்க. 'உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க'ன்னு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். காப்பாத்திக் குடுங்க."

ஆம்பூல் போயிற்று. ஆனால் பொட்டாசியம் எங்கிருந்தோ வந்திருக்கிறதே! சென்னகிருஷ்ணன் இன்னொரு தாளைப் புரட்டினார். நோயாளி தினமும் குடித்தது எவ்வளவு, சிறுநீராகப் போனது எவ்வளவு என்று எழுதுகிற தாள். இதயம் பலவீனமானவர், அதனால் நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. சனிக்கிழமையிலிருந்து குடித்தது தொள்ளாயிரம், தொள்ளாயிரம், எண்ணூற்றைம்பது. போனது ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எண்ணூறு. தினமும் காலையில் எடுத்த எடையோ அறுபத்தெட்டு கிலோவில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.

"ஊத்தறது ஒரு பங்கு, எறைக்கறது ரெண்டு பங்கு, தொட்டி மட்டும் கொறையவே இல்லை," என்றாள் புவனா. "இது என்னங்க, அட்சய பாத்திரமா?"

"தொட்டிக்குப் பின்பக்கமா இன்னொரு குழாய் இருக்குதுன்னு அர்த்தம்," என்றார் சென்னகிருஷ்ணன். "டாக்டர், மருந்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"சனிக்கிழமை மாத்தினேன். அதுக்கு முன்னால நீர் பிரியற மருந்துல பொட்டாசியம் ரொம்பக் கொறைஞ்சுபோச்சு. அதனால அதை ஒடம்புலயே நிறுத்தி வெக்கிற மாத்திரை ரெண்டு சேர்த்தேன். ஆனா அது மட்டும் இவ்வளவு ஏத்தாதுங்க. வெளிய இருந்து வந்திருக்கோணும்."

"எதுல இருந்து?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் வார்டிலிருந்து ஆள் வந்து அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கத் தகரக் கொட்டகை ஒன்று கீழே இருந்தது. ஏப்ரல் மாத வெயிலில் அதற்குள் மனிதர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். சுப்பண்ணனின் மனைவி சென்னியம்மாள் ஓர் ஓரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக அதுதான் அவருக்கு வீடு. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். புருஷன் உயிர் ஊசலாடுகிற நேரத்திலும், வந்தவர்களை நிற்க வைத்துப் பேச அந்த ஊர்க்காரர்களுக்கு வராது.

"வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. கண்ணு, நீயும் உக்காரு."

"அவருக்கு இங்கே நீங்க சாப்பிட என்ன குடுத்தீங்கம்மா?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"கஞ்சி மட்டுந்தானுங்க. மூணு வேளையும் அஞ்சு நிமிசம் உள்ள உடுவாங்க. ஊட்டிப்போட்டு வந்துருவனுங்க."

"வேற ஒண்ணும் குடுக்கலையா? பழம், மருந்து, நாட்டு வைத்தியம்?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க."

அந்த அம்மாவின் கண் தரையில் இருந்தது. சென்னகிருஷ்ணன் அடுத்த கேள்விக்கு வாய் எடுப்பதற்குள், அவர் பேச்சை மாற்றுகிறவராகப் பாய்க்குப் பின்னாலிருந்த சாக்கை இழுத்தார். "ரண்டு பேரும் மொதல்ல இளநி குடிங்க. எங்க தோட்டத்துதுங்க. மொகமெல்லாம் வாடிக் கெடக்குது."

வேண்டாம் என்றால் கேட்கிற இனமா அது? சாக்கிலிருந்து ஒரு பச்சைக் காயை எடுத்து, அரிவாளால் நாலே வெட்டில் திறந்து சென்னகிருஷ்ணன் கையில் கொடுத்தார். புவனாவுக்கு எதிலும் அவசரம். சாக்குக்குப் பக்கத்தில் ஒரு ஒயர் கூடையில் தனியாக வைத்திருந்த செவ்விளநீரில் ஒன்றை அவளே தூக்கிவிட்டாள்.

"அது வேண்டாங் கண்ணு, அது அவருக்கு..."

சென்னியம்மாள் சொல்லி முடிக்கவில்லை. கொட்டகையில் யாருடைய ரேடியோவோ பாடிக்கொண்டிருந்தது. புவனா காயைக் கூடையில் பத்திரமாகத் திரும்ப வைத்தாள், ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

சென்னகிருஷ்ணன் கையிலிருந்த இளநீரைப் பார்த்தார். அவருடைய டாக்டரும் நீர் பிரிகிற மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, 'உடம்புல பொட்டாசியம் குறையும், தினம் ஒரு இளநீர் குடிங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். தினம் குடிக்கிறார். அவருக்கு அது அமுதம். பொட்டாசியத்தை வெளியே விடாத மாத்திரை சாப்பிடுகிறவருக்கு?

"தினம் எத்தனைங்கம்மா?" என்றார் மெதுவாக.

"மூணுங்க. சொம்புல ஊத்திக் கஞ்சிக் கூடைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போவனுங்க. அது சாப்பாடாங்க? மருந்துங்களே. நானாத்தான் குடுத்தனுங்க. எனக்கு யாரும் சொல்லலை. ஒருத்தருமே சொல்லலீங்க."

யார் கொடுக்கச் சொன்னது என்று சென்னகிருஷ்ணன் கேட்கவே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது அதிகமில்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் இரண்டு தடவை பதில் சொன்னால் அங்கேதான் குழி தோண்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும். இளநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். மறுபடியும் மூன்று மாடி ஏற வேண்டுமே என்று நினைத்தபோது, அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

ஃபைலில் அவர் கோட்டுத் துண்டுகளை வியாழக்கிழமையிலிருந்தும், குடித்த கணக்கைச் சனிக்கிழமையிலிருந்தும்தான் பார்த்திருந்தார். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். போன வாரம் புதன்கிழமை, குடித்த கணக்கில் ஒரு வரி: 'இளநீர் 200 மில்லி.' பக்கத்தில் குறிப்பு: 'பொட்டாசியம் குறைவு. தினம் ஒன்று கொடுக்க மனைவியிடம் சொல்லப்பட்டது.' கீழே உருண்டையான கையெழுத்து, மெர்சி. வியாழக்கிழமையும் அதே வரி. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வரி இல்லை. மெர்சி லீவில் போனாள். மற்ற நர்ஸுகளுக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை மாத்திரை மாறியது. அமுதம் எந்த நிமிஷத்தில் நஞ்சாயிற்று என்று சென்னியம்மாளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

புவனா படித்துவிட்டு, அறையில் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "சார், இந்தப் பக்கத்தை நாம பாக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாமுங்களா?"

"அந்தம்மாவும் அதைத்தான் நினைக்கறாங்க. அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேர் வந்துருமேன்னு வாயை மூடிக்கிட்டாங்க. மூடினதாலதான் ஊசிப் பழியும் அவ தலையிலயே விழுந்துச்சு."

"அப்பச் சொல்லப் போறீங்களா?"

"அம்மணி, அந்தக் குறிப்பு எழுதின அன்னைக்கு அது சரி. இன்னைக்குப் போலீஸ்காரங்ககிட்ட அந்த வித்தியாசத்தை விளக்க எனக்குத் தெம்பில்லை." அவர் ஃபைலை மூடினார். "இளநீர் குடுத்தாங்க, தெரியாமக் குடுத்தாங்க. அதோட நிறுத்திக்கலாம்."

நாலே முக்காலுக்கு டாக்டர் அறையில் கூடினார்கள். மோகன்குமார் மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி, அதட்டிப் பேசியே பழகின குரல். இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தில் அந்த அதட்டல் எடுபடவில்லை. மெர்சியை அரைக்கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, "உள்ள என்ன பேசினாலும் காதுல போட்டுக்காதீங்க, முடிஞ்சதும் ஊட்டுக்குப் போலாம்" என்று சென்னகிருஷ்ணன் சொல்லியிருந்தார்.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். உடைந்த ஆம்பூல், நாளுக்கு நாள் உயர்ந்த கோடு, குறையாத எடை, செவ்விளநீர். ஆறுச்சாமி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

மோகன்குமார் தன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "நான் மனு எழுதறப்பப் பக்கத்துலதானேம்மா உக்காந்திருந்தே? ஒரு வார்த்தை சொன்னியா? அப்பாவை இந்தக் கதிக்கு ஆளாக்கினது நீதானா?"

"ஆமாங் கண்ணு. நாந்தான்."

அவ்வளவுதான் சொன்னார் சென்னியம்மாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைத் தன் கையாலேயே ஊட்டிக் கெடுத்தவள் என்ற பேரை இனி ஊர் முழுக்கச் சுமக்கத் தயாராக நின்றார். சென்னகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். நினைத்தபடி கேஸ் முடிந்துவிட்டது. இப்படி முடித்ததற்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

அரைக்கதவு கிறீச்சிட்டது.

"அம்மா தப்புப் பண்ணலீங்க," என்றாள் மெர்சி. "நாந்தான் குடுக்கச் சொன்னேன்."

"சிஸ்டர்!" புவனா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"போன புதன்கிழமை சொன்னேன். ஃபைல்ல எழுதியிருக்கேன். நீங்க பாத்திருப்பீங்களே சார்?"

"பார்த்தேன்," என்றார் சென்னகிருஷ்ணன். வேறு என்ன சொல்ல?

"எத்தனை அறிவு கெட்டவ கண்ணு நீயி," என்று அழுதார் சென்னியம்மாள். "தப்பிச்சுப் போகாம ஏன் வந்தே? இவ ஒண்ணுதானுங்க சொன்னா. நல்லதுன்னு சொன்னாளே, சாஸ்தியாக் குடுத்தா இன்னும் நல்லதுன்னு நாந்தான் மூணாக்கிப்போட்டேன்."

மோகன்குமார் ஒருத்தரை விட்டு ஒருத்தரைப் பார்த்தான். அப்போது ஆறுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது அன்னைக்குச் சரிங்க. சனிக்கிழமை மாத்திரையை மாத்தினது நான். இனி இளநி ஆகாதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணலை. திங்கக்கிழமை ரத்தம் பாக்கச் சொல்லி இந்தச் சீட்டை எழுதினேன். லேபுக்குப் போகவே இல்லை. என் பைக்குள்ளயே இருந்திருக்கு. நேத்து ராத்திரிதான் பார்த்தேன்."

"அதனாலதான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடலையா?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன். டாக்டர் பேப்பர்வெயிட்டை நகர்த்தி, டைப் அடித்த உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார்.

குற்றவாளி ஒருத்தரைத் தேடி வந்தவனுக்கு மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்று பேரும் அவன் அப்பாவைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் மோகன்குமார் சுவரோரம் சாய்ந்தான். பிறகு அவனும் அழுதான்.

ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மோகன்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே போனான். "ஏனுங்க, மனுவைத் திருப்பி வாங்கிக்கறனுங்க. ஆள் தெரியாமக் குடுத்துப்போட்டேன்." இன்ஸ்பெக்டர் ஏதோ முணுமுணுத்தார், சென்னகிருஷ்ணனை ஒரு முறை முறைத்தார், போய்விட்டார்.

"அவரு பொழைச்சுக்குவாருங்களா?" என்று கேட்டார் சென்னியம்மாள்.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுமுங்க," என்றார் ஆறுச்சாமி.

மோகன்குமார் மேஜையிலிருந்த எழுதும் அட்டையை எடுத்து மெர்சியிடம் நீட்டினான். "எங்கப்பா கண்ணு முழிச்சா என்ன குடுக்கோணும், என்ன ஆகாது, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துப்போடுங்க. டாக்டர் வேண்டாமுங்க. நீங்க எழுதுங்க."

மெர்சி உட்கார்ந்தாள். தண்ணீர் எத்தனை டம்ளர், உப்பு எவ்வளவு, எந்தப் பழம் கூடாது, இளநீர் ஏன் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினாள். சென்னியம்மாள் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, தாளின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்:

'மாத்திரை மாறினால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து மறுபடி கேளுங்கள்.'